கலப்பதும் தனித்திருப்பதும் யார் கையில்?

"இத்தனை ஆண்டுகளாக இங்கேயே இருக்கிறார்கள், ஆனாலும் நம்மோடு கலக்கவில்லை." குடிபெயர்ந்து வந்த உழைப்பாளிகளைப் பற்றி நாட்டின் பல பகுதிகளிலும் கேட்கும் குற்றச்சாட்டு இது. அசாமில் வங்காள வழிவந்த முஸ்லிம்களைப் பார்த்துச் சொல்கிறார்கள். 1960களின் பம்பாயில் தமிழர்களைப் பார்த்துச் சொன்னார்கள். இன்று திருப்பூரிலும் கோவையிலும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் தொழிலாளர்களைப் பார்த்துச் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். சொல்பவர்களின் மொழி மாறுகிறது, குற்றச்சாட்டு மாறுவதில்லை.

இதற்குள் ஒரு கருத்து ஒளிந்திருக்கிறது. கலப்பதும் கலக்காதிருப்பதும் வந்தவர்களின் விருப்பத்தைப் பொறுத்தது. சில சமூகங்கள் இயல்பிலேயே இறுகியவை, சில சமூகங்கள் நெகிழ்ந்து கொடுப்பவை என்பதே அது. இனவெறியர்கள் இதைப் பழிச்சொல்லாகச் சொல்கிறார்கள். ஆய்வாளர்கள் சிலர் 'பண்பாட்டின் உறுதி' என்று பாராட்டாகச் சொல்கிறார்கள். பழித்தாலும் பாராட்டினாலும் அடிப்படை ஒன்றே. இக்கருத்து வரலாற்றின் முன் நிற்குமா என்று சோதிக்க, பிரம்மபுத்திராப் பள்ளத்தாக்கைவிடப் பொருத்தமான இடம் இந்தியாவில் இல்லை. ஒரே ஆட்சியின் கீழ், ஏறத்தாழ அடுத்தடுத்த காலங்களில், இரண்டு பெரும் குடிப்பெயர்வுகள் அங்கே நிகழ்ந்தன. ஒன்று தனித்து நின்றது. மற்றொன்று கரைய முன்வந்தது. இரண்டும் அவரவர் இயல்பால் நிகழ்ந்தவை அல்ல.

வேலிக்குள் உருவான அடையாளம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் அசாமின் தேயிலைத் தோட்டங்கள் விரிந்தபோது, தோட்ட முதலாளிகளுக்குத் தேவையான உழைப்பு உள்ளூரில் கிடைக்கவில்லை. நிலம் வைத்திருந்த அசாமிய உழவர் அந்தக் கூலிக்குத் தோட்டத்திற்குள் வர மறுத்தார். எனவே சோட்டாநாக்பூர் மேட்டுநிலத்திலிருந்தும் ஒடிசா, மத்திய இந்தியா, ஆந்திரப் பகுதிகளிலிருந்தும் முண்டா, ஒராவோன், சந்தால், கோண்டு, சவரா உள்ளிட்ட மக்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டனர். நிலத்தையும் காட்டையும் இழந்து பஞ்சத்தில் சிக்கியிருந்தவர்களை ஆள்பிடிக்கும் தரகர்கள் திரட்டினார்கள். 1865ஆம் ஆண்டின் சட்டம், தப்பியோடும் தொழிலாளியை நீதிமன்ற ஆணையின்றித் தாமே கைது செய்யும் அதிகாரத்தைத் தோட்ட நிர்வாகத்திற்கு வழங்கியது. அந்த அதிகாரம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நீடித்தது.

இவ்வாறு வந்தவர்கள் 'கூலி லயன்'களில் குடியமர்த்தப்பட்டார்கள். கடையும் மருந்தகமும் மதுவும் தோட்டத்திற்குள்ளேயே இருந்தன. அருகிலிருந்த அசாமியக் கிராமத்திற்கும் லயனுக்கும் இடையே வேலி இருந்தது, காவற்காரர் இருந்தார். 1921 மே மாதத்தில், அன்றைய அசாம் மாகாணத்தின் சுர்மா பள்ளத்தாக்கில், சார்கோலா தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் குடும்பம் குடும்பமாக வெளியேறி ஊர் திரும்ப முயன்றார்கள். சாந்த்பூர் ரயில் நிலையத்தில் இரவில் கூர்க்காப் படையினர் அவர்கள் மீது ஏவிவிடப்பட்டனர். அடித்து விரட்டப்பட்டவர்களைக் காலரா கொன்றது. அவர்களுக்கு ஆதரவாக அசாம்-வங்க ரயில்வேத் தொழிலாளர்களும் நீராவிப் படகுத் தொழிலாளர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். திரும்பிப் போகவும் விடாமல், வெளியே கலக்கவும் விடாமல் வைக்கப்பட்ட ஒரு மக்கள் கூட்டம் தனித்து நின்றது என்றால், அது யாருடைய பிடிவாதம்?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அவர்கள் தங்கள் பழைய அடையாளத்தை அப்படியே 'காப்பாற்றி' வைத்திருக்கவில்லை. ஒராவோன் மக்களின் தாய்மொழியான குருக், நம் தமிழோடு ஒரே மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தது. முண்டாரியும் சந்தாலியும் வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தவை. இம்மொழிகளைப் பேசியவர்கள் ஒரே லயனில் அடைக்கப்பட்டபோது, சாத்ரி எனும் பொதுமொழி தோட்டங்களில் வளர்ந்தது. பெரும்பாலான தோட்டங்களில் பேரப்பிள்ளைகள் குருக்கையும் முண்டாரியையும் மறந்து சாத்ரி பேசினார்கள். ஜுமுர் ஆட்டமும் கரம் வழிபாடும் டுசு விழாவும் பல குலங்களுக்கும் பொதுவாயின. அதாவது, அவர்கள் கரையவே செய்தார்கள். ஆனால் தோட்டத்திற்கு வெளியே இருந்த அசாமிய உழவரோடு அல்ல, பக்கத்து லயனில் இருந்த சக தொழிலாளியோடு கரைந்தார்கள். 'தேயிலைப் பழங்குடி' என்று இன்று அறியப்படும் அடையாளம் சோட்டாநாக்பூரிலிருந்து கொண்டுவரப்பட்டதன்று. அசாமின் வேலிக்குள் உருவானது.

ஒப்பந்தம் முடிந்தபின் தோட்டத்தை விட்டு வெளியேறிச் சிறு நிலம் பெற்றுக் கிராமங்களில் குடியேறியவர்களும் உண்டு. இவர்களிடம் அசாமிய மொழி கூடுதலாக வேர்கொண்டது. அண்டை வீட்டாரோடு பிஹூ கொண்டாடுவதும் இயல்பாயிற்று. அதே குலம், அதே மூதாதையர். லயனில் இருந்தவர் ஒருவகை, கிராமத்தில் நிலம் பெற்றவர் வேறுவகை. குருதியோ மரபோ இந்த வேறுபாட்டை விளக்காது, நிலம் விளக்கும்.

விடுதலைக்குப் பின்னரும் சட்டம் தன் பங்கைச் செய்தது. ஜார்க்கண்டில் பழங்குடிப் பட்டியலில் உள்ள முண்டாவும் ஒராவோனும் சந்தாலும், அசாமின் தோட்டங்களில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டார்கள். வெளியே 'பழங்குடி' என்று ஒதுக்கப்படுகிறவர்கள், பட்டியலில் மட்டும் பழங்குடிகள் இல்லை. ஒவ்வொரு தேர்தலிலும் இதைச் சரிசெய்வதாக வாக்குறுதி தரப்படுகிறது.

கரைய வந்தவர்களுக்குக் கிடைத்த விடை

இரண்டாவது குடிப்பெயர்வு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிகழ்ந்தது. கிழக்கு வங்கத்தின் மைமன்சிங் உள்ளிட்ட மாவட்டங்களிலிருந்து, ஜமீன்தாரி ஒடுக்குமுறையில் நொறுங்கிய ஏழை முஸ்லிம் உழவர்கள் பிரம்மபுத்திராவின் கரைகளுக்கும் ஆற்றிடைத் திட்டுகளுக்கும் வந்தார்கள். நிலவரி வருவாயும் சணல் விளைச்சலும் வேண்டியிருந்த காலனி அரசு இதை ஊக்குவித்தது. வெள்ளம் வந்தால் கரைந்து போகும் திட்டுகளில் காடு வெட்டி, சேறு மிதித்து, சணலும் நெல்லும் விளைவித்தார்கள். 1920இல் அரசு 'லைன் முறை'யைக் கொண்டுவந்தது. கிராமங்களில் கோடு வரைந்து, அதற்கு அப்பால் குடியேறிகளுக்கு நிலம் கிடையாது என்றது. மொழிபெயர்ப்பாளன் கண்ணுக்கு இது தப்பாது: தோட்டத்தில் 'லயன்', ஆற்றங்கரையில் 'லைன்'. இரண்டும் ஒரே ஆங்கிலச் சொல்; இரண்டையும் வரைந்தது ஒரே கை.

ஆயினும் இவர்களுக்கும் தோட்டத் தொழிலாளர்களுக்கும் ஓர் அடிப்படை வேறுபாடு இருந்தது. இவர்கள் கூலிகளாக அடைபட்டவர்கள் அல்லர். நிலம் நாடி வந்த உழவர்கள். பட்டாவுக்கும் சந்தைக்கும் பள்ளிக்கும் அசாமிய சமூகத்தோடு உறவு தேவைப்பட்டது. நாடு பிரிந்தபின், தங்கள் மண்ணாகிவிட்ட அசாமில் பாதுகாப்பாக வாழ, அசாமியரோடு இணைவதே வழி என்று முடிவு செய்தார்கள். ஆற்றிடைத் திட்டுகளில் அசாமிய வழிப் பள்ளிகளைத் திறந்தார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தாய்மொழி 'அசாமி' என்று பதிந்தார்கள். 1931இல் சுமார் 20 லட்சமாக இருந்த அசாமி மொழியினர் 1951இல் சுமார் 50 லட்சமாக உயர்ந்ததாகக் கணக்கெடுப்பு காட்டியது. பிறப்பு விகிதத்தால் மட்டும் இருபது ஆண்டுகளில் ஒரு மொழி இப்படிப் பெருகாது. இக்குடியேறிகளும், தோட்டத் தொழிலாளர்களில் ஒரு பகுதியினரும், தங்களை அசாமி மொழியினராக எழுதிக்கொண்டதே முக்கியக் காரணம். அசாமி மொழி தன் சொந்த மாநிலத்தில் பெரும்பான்மை மொழியாக நின்றதில் இந்த ஏழை உழவர்களின் பங்கு பெரியது. 'புதிய அசாமியர்' என்ற பெயரும் அவர்களுக்குக் கிடைத்தது.

ஒரு சமூகம் மொழியை மாற்றிக்கொள்வது சிறிய செயலன்று. தாலாட்டின் மொழியை வீட்டுக்குள் வைத்துவிட்டு, பள்ளியின் மொழியாகவும் அரசின் மொழியாகவும் இன்னொரு மொழியை ஏற்பது, தமிழ் படித்தவர்களுக்கு எளிதில் விளங்கக்கூடிய இழப்பு. இதைவிட ஒரு சமூகம் எப்படித்தான் 'கலக்க' முடியும்?

அவர்களுக்குக் கிடைத்த விடை என்ன? 1979இல் தொடங்கிய 'வெளிநாட்டவர்' எதிர்ப்பு இயக்கம் இவர்களையே குறிவைத்தது. 1983 பிப்ரவரி 18 அன்று நெல்லியில் ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். பிளவுக்கு எதிராக நின்ற இடதுசாரி ஊழியர்கள் பலரும் அந்த ஆண்டுகளில் உயிரிழந்தார்கள். 2019 ஆகஸ்ட் 31 அன்று வெளியான தேசியக் குடிமக்கள் பதிவேட்டிலிருந்து 19,06,657 பேர் விடுபட்டார்கள். பாட்டன் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தால் பேரன் அயலான் ஆனான். திருமணமாகி ஊர் மாறிய ஏழைப் பெண், தந்தையின் மகள்தான் என்று நிறுவும் தாள் இல்லாமல் தவித்தாள்.

இதன் விளைவையும் பார்க்க வேண்டும். 2016 முதல் அச்சமூகத்தின் இளைஞர்கள் 'மியா' என்ற வசைச்சொல்லையே தங்கள் பெயராக ஏற்றுக் கவிதை எழுதத் தொடங்கினார்கள். அசாமியில் எழுதினார்கள், தங்கள் வீட்டுப் பேச்சுவழக்கிலும் எழுதினார்கள். 2019இல் அக்கவிஞர்கள் மீது காவல்துறையில் வழக்குகள் பதிவாயின. முற்போக்காளர் சிலரும்கூட, ஏன் செம்மையான அசாமியில் மட்டும் எழுதவில்லை என்று கேட்டார்கள். மூன்று தலைமுறைகளாகக் கரைய முயன்று, வாசலில் நிறுத்தப்பட்ட சமூகத்தின் பிள்ளைகள், கரைத்துவிட்ட அடையாளத்தைத் திரும்பத் தேடுகிறார்கள். 'கலக்கவில்லை' என்ற குற்றச்சாட்டு, கலந்தவர்களையும் தனித்து நிற்கச் செய்துவிட்டது.

இதே அசாமின் தெற்கே உள்ள பராக் பள்ளத்தாக்கையும் நினைவில் கொள்ள வேண்டும். அங்கே வங்காள மொழியினர் பெரும்பான்மையினர். சில்ஹெட்டோடு ஒட்டிய மண்ணின் மக்கள். 1960ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்திற்கு எதிராக, 1961 மே 19 அன்று சில்சாரில் 11 பேர் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்து வங்காள மொழியின் இடத்தைப் பெற்றார்கள். பிரம்மபுத்திராப் பள்ளத்தாக்கில் தாமாக விடப்பட்ட அதே மொழிக்காகப் பராக் பள்ளத்தாக்கில் உயிரே கொடுக்கப்பட்டது. மொழியின் 'உறுதி' இதில் எங்கே மாறியது? மாறியவை எண்ணிக்கை, நிலத்தின் மீதான உரிமை, அரசோடு கொண்ட உறவு ஆகியவையே.

தனித்திருந்தும் பகையில்லாமல்

அப்படியானால் தனித்திருப்பது எப்போதும் வேலியின் விளைவுதானா? இல்லை. மதுரையில் நாம் நாள்தோறும் காணும் சௌராஷ்டிர சமூகம் வேறொரு வழியைக் காட்டுகிறது. பட்டு நெசவும் சாயத்தொழிலும் கைவந்த அம்மக்கள், நாயக்கர் காலத்திலேயே அரண்மனையைச் சுற்றிக் குடியேறினார்கள். நூற்றாண்டுகள் கடந்தும் வீட்டில் சௌராஷ்டிர மொழி பேசுகிறார்கள். வெளியே தமிழராகவே வாழ்கிறார்கள். 1993இல் 'காதுகள்' நாவலுக்குச் சாகித்ய அகாதெமி விருது பெற்ற எம்.வி.வெங்கட்ராம் அச்சமூகத்தவர். தமிழ் மக்கள் தங்கள் குரலாகவே கொண்டாடிய டி.எம்.சௌந்தரராஜனும் அச்சமூகத்தவர். கைத்திறனும் தொழிலும் தங்கள் கையிலேயே இருந்ததால் அவர்கள் மொழியைக் கைவிட வேண்டிய தேவை எழவில்லை. ஊரின் சந்தையும் பள்ளியும் இலக்கியமும் திறந்திருந்ததால் ஒதுங்கி நிற்க வேண்டிய தேவையும் எழவில்லை.

பட்டினப்பாலை பாடும் காவிரிப்பூம்பட்டினமும் இதையே சொல்கிறது. பல மொழி பேசும் நாடுகளிலிருந்து புலம்பெயர்ந்து வந்தவர்கள் அங்கே ஒன்றுகூடி மகிழ்ந்து வாழ்ந்ததாகப் புலவர் பாடுகிறார். அவர்கள் தம் மொழியை விட்டார்கள் என்று அவர் சொல்லவில்லை. கலத்தல் வேறு, கரைதல் வேறு. நம் காலத்துப் பேரினவாதம் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது.

ஆகவே மூன்று நிலைகளைப் பிரித்தறிய வேண்டும். பூட்டப்பட்டதால் தனித்திருத்தல், அச்சத்தால் கரைதல், உரிமையோடு விரும்பியவாறு இருத்தல். முதலிரண்டையும் எதிர்ப்பதும் மூன்றாவதற்காகப் போராடுவதுமே உழைப்பாளி வர்க்க அரசியல்.

நம் மரபு சொல்வது

இதில் நம்மிடையே இரண்டு தவறான போக்குகள் உண்டு. வர்க்க ஒற்றுமை வளர்ந்தால் மொழி, இன அடையாளங்கள் தாமே உதிர்ந்துவிடும். எனவே அவற்றைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை என்பது ஒன்று. எந்த அடையாளமும் புனிதமானது. அதைத் தொடாமல் காப்பதே முற்போக்கு என்பது மற்றொன்று.

1913இல் எழுதிய 'தேசியப் பிரச்சினை பற்றிய விமர்சனக் குறிப்புகள்' என்னும் படைப்பில் லெனின் இரண்டுக்கும் விடை சொல்லியிருக்கிறார். தேசிய வேறுபாடுகளை அரைத்துக் கலக்கும் ஆலையாக நியூயார்க்கை அவர் காட்டினார். மக்கள் தாமாகக் கலப்பதை முன்னேற்றமாகவே கண்டார். அதே மூச்சில், எந்த ஒரு மொழிக்கும் எந்த ஒரு தேசிய இனத்திற்கும் எந்தச் சலுகையும் கூடாது என்றும் வற்புறுத்தினார். வலுக்கட்டாயம் இல்லாத இடத்தில் நிகழும் கலப்பே அவர் வரவேற்ற கலப்பு.

அதற்கும் முன்பு, 1870 ஏப்ரலில் எழுதிய கடிதமொன்றில், இங்கிலாந்தின் தொழிலாளி வர்க்கம் அத்தனை அமைப்பு பலம் இருந்தும் வலுவிழந்து கிடப்பதன் இரகசியம், ஆங்கிலத் தொழிலாளிக்கும் ஐரியத் தொழிலாளிக்கும் இடையே வளர்க்கப்பட்ட பகைமைதான் என்று மார்க்ஸ் சுட்டினார். இந்தப் பகைமையை ஆளும் வர்க்கம் எவ்வாறு பயன்படுத்தும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1966இல் பிறந்த சிவசேனை முதலில் தென்னிந்தியரைத் தாக்கியது. அடுத்து ஆலைப் பகுதிகளின் செங்கொடியைத் தாக்கியது. 1970 ஜூனில் கம்யூனிஸ்ட் சட்டமன்ற உறுப்பினர் தோழர் கிருஷ்ண தேசாய் படுகொலை செய்யப்பட்டார். 'வெளியாள்' மீது விழும் முதல் அடி, தொழிற்சங்கத்தின் மீது விழப்போகும் அடியின் ஒத்திகை.

நம் வாசலில்

இன்று தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இலட்சக்கணக்கான புலம்பெயர் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். கட்டுமானத் தகரக் கொட்டகைகளிலும் ஆலை விடுதிகளிலும் தங்க வைக்கப்படுகிறார்கள். ஒப்பந்ததாரர் அழைத்து வருகிறார், ஒப்பந்ததாரரே அழைத்துச் செல்கிறார். கொட்டகையும் விடுதியும் புதிய லயன்கள்தாம். 2023 மார்ச்சில், பீகார்த் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரப்பப்பட்டபோது அச்சம் காட்டுத்தீயாய்ப் பரவியது; பலர் ஊருக்கு ரயில் ஏறினார்கள். அந்த அச்சம் அவ்வளவு வேகமாகப் பற்றிக்கொண்டதற்குக் காரணம், இங்கே அவர்கள் நம்பிக் கேட்கத்தக்க குரல் எதுவும் பக்கத்தில் இல்லாததே. இதற்கிடையே 1979ஆம் ஆண்டின் மாநிலங்களிடைப் புலம்பெயர் தொழிலாளர் சட்டத்தையும் 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தையும் ஒருசேர 2020ஆம் ஆண்டின் தொகுப்புச் சட்டத்திற்குள் கரைத்துவிட்டது ஒன்றிய அரசு. தொழிலாளியைக் கலக்க விடாதவர்கள், தொழிலாளியின் பாதுகாப்பை மட்டும் நன்றாகக் கரைக்கிறார்கள்.

கேரளத்தின் எழுத்தறிவு இயக்க ஆணையம் 'சங்ஙாதி' என்ற திட்டத்தின் மூலம் புலம்பெயர் தொழிலாளர்களுக்கு மலையாளம் கற்பிக்கிறது. வந்தவருக்கு ஊர் மொழியைக் கற்கும் வாய்ப்பைத் தருவதும், கற்றால்தான் மதிப்போம் என்று நிபந்தனை விதிப்பதும் ஒன்றல்ல. முதலாவது வாசலைத் திறப்பது. இரண்டாவது அசாம் நமக்குக் கற்பித்த பாடம்.

நாம் உடனே செய்யக்கூடியவை உண்டு. தோழர்கள் தொழிலாளர் விடுதிகளுக்குச் செல்லும்போது, தொழிலாளர்களின் குழந்தைகள் அருகிலுள்ள பள்ளியில் சேர்ந்திருக்கிறார்களா என்று கேட்க வேண்டும். பள்ளியில் சேராத குழந்தைக்கு வேலியைத் தவிர வேறு உலகம் அமையாது. சங்கத்தில் சந்தா பெறுவதோடு நிறுத்தாமல், ஆலை மட்டக் குழுக்களில் அவர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 'வடக்கன்', 'வந்தேறி' ஆகிய சொற்கள் நம் கூட்டங்களிலும் நம் வீடுகளிலும் ஒலிக்கக் கூடாது. பம்பாயில் நம் மக்கள் மீது எறியப்பட்ட கற்கள் அவை.

கடைசியாக, என் தொழில் சார்ந்த ஒரு வேண்டுகோள். வடக்கிலிருந்து வந்தவர் எல்லோரும் இந்தி பேசுபவர் என்று கொண்டு, துண்டறிக்கையை இந்தியில் அச்சிட்டுக் கடமை முடிந்ததென்று இருக்கிறோம். ஜார்க்கண்ட் தொழிலாளியின் மொழி சந்தாலியாகவோ குருக்காகவோ சாத்ரியாகவோ இருக்கலாம்; 2003ஆம் ஆண்டின் திருத்தத்தால் எட்டாவது அட்டவணையில் இடம்பெற்ற சந்தாலிக்கு ஓல்சிக்கி என்ற தனி எழுத்தே உண்டு. கஞ்சம் மாவட்டத்திலிருந்து வந்தவருக்கு ஒடியா வேண்டும். இந்தித் திணிப்பை எதிர்த்து வளர்ந்த மாநிலத்தில் இருந்துகொண்டு, நாமே அவர்கள் மீது இந்தியைச் சுமத்துவது பொருந்தாது. அடுத்த உறுப்பினர் பதிவின்போது ஒவ்வொரு சங்கமும் தொழிலாளியின் பெயருக்கும் ஊருக்கும் அருகே தாய்மொழியையும் கேட்டு எழுதட்டும். எந்த ஊரில், எந்த மொழியில், எத்தனை படிகள் வேண்டும் என்று கணக்கு அனுப்பட்டும். மொழிபெயர்க்க ஆள் தேடும் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.